“அதிவேகம்” என்றால் எவ்வளவு? அரை வினாடி சொல்லும் கணக்கு!

“சார், புயல் மாதிரி வந்தான் சார்!”

எந்த விபத்து நடந்த இடத்துக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான்.

ரோட்டில் செருப்பு கிடக்கும். சாப்பாட்டு டப்பா உருண்டு கிடக்கும். அடிபட்டவரை ஆம்புலன்சு கொண்டு போய் இருக்கும். சுற்றி நிற்கிற கூட்டத்தில் 4 பேர் “நான் பார்த்தேன்” என்பார்கள்.

“எவ்வளவு வேகத்தில் வந்தது?” என்று கேட்டுப் பாருங்கள்.

ஒருவர் 80 என்பார். பக்கத்தில் நிற்பவர் “80-ஆ? 100-க்கு கொறையாதுங்க” என்பார். மூன்றாவது ஆள் 120-க்கு போய் விடுவார். ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போகும். இறங்காது.

அடுத்தது போலீஸ் நிலையம். அங்கே ஏலம் இல்லை. ஒரே வாசகம்தான். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்...” என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதுவார்கள். அப்பா காலத்தில் எழுதியதும் அதுதான். இப்போது கம்ப்யூட்டரில் அடிப்பதும் அதுதான்.

அதிவேகம் சரி. எவ்வளவு வேகம்? மணிக்கு எத்தனை கிலோ மீட்டர்? அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் பல வழக்குகள் விழுந்து விடுகின்றன.

15 உயிர் போன வழக்கு

கர்நாடக மாநிலத்தில் 1982-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு லாரி கவிழ்ந்தது. 15 பேர் செத்துப் போனார்கள். சுமார் 18 பேருக்குக் காயம். டிரைவர் மீது வழக்கு நடந்தது. கீழ் கோர்ட்டில் தண்டனை. ஐகோர்ட்டில் விடுதலை. அரசு விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

1998-ல் தீர்ப்பு வந்தது. விடுதலை செல்லும் என்று சொல்லி விட்டார்கள்.

காரணம்? சாட்சிகள் எல்லோரும் லாரி “அதிவேகமாக” வந்தது என்றார்கள். அதிவேகம் என்றால் தோராயமாக எவ்வளவு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வேகம் என்பது ரோட்டைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்தது. வெறும் அதிவேகம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அஜாக்கிரதை என்று முடிவு கட்ட முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

15 குடும்பம். எல்லாம் முடிந்தது. குறைந்தது என்ன? ஒரு எண்!

சட்டமே கண்ணை நம்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வேக வரம்பை மீறினால் அபராதம் போடுகிற பிரிவு அது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கார் மாதிரி சிறிய வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. அதிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரே ஒரு சாட்சி “என் அபிப்பிராயத்தில் அவர் வேகமாகப் போனார்” என்று சொன்னால் தண்டிக்கக் கூடாது. அந்த அபிப்பிராயம் ஒரு கருவியால் அளந்ததாக இருக்க வேண்டும்.

அந்த ஒரு சாட்சி போலீஸ்காரராக இருந்தாலும் சரி. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது.

இது டிரைவர்களுக்கும் நல்லதுதான். அதையும் சொல்ல வேண்டும். மோதல் சத்தம் கேட்ட பிறகு திரும்பிப் பார்த்தவர்கள்தான் “நான் பார்த்தேன்” கூட்டத்தில் பாதிப் பேர். 35-ல் வந்தவனையும் 100-ல் ஏற்றி விடுவார்கள்.

சரி, எண் எங்கே இருந்து வரும்? பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு கணக்கு போதும். போன தூரத்தைப் போன நேரத்தால் வகுத்தால் வேகம். அவ்வளவுதான்.

டேப்பும் கைக்குட்டையும்

செய்து பார்த்து விடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குப் போனோம். நானும் போட்டோகிராபர் நண்பரும். ரோட்டின் பெயர் வேண்டாம். அந்தப் பகுதிக்காரர்கள் சண்டைக்கு வந்து விடுவார்கள். நகரத்துக்குள்தான். 4 வண்டி பக்கம் பக்கமாகப் போகிற அகலம். நடுவில் திட்டு கிடையாது. டீக்கடைக்கு மேற்கே ஒரு வளைவு. கிழக்கே நேர் ரோடு.

கொத்தனார் ஒருவரிடம் இரவல் வாங்கிய 30 மீட்டர் டேப்பால் நேர் ரோட்டில் 50 மீட்டர் அளந்தோம். இரண்டு முனையிலும் சாக்பீசால் கோடு. முதல் கோட்டில் நண்பர். கையில் வெள்ளைக் கைக்குட்டை. அடுத்த கோட்டில் நான். கையில் செல்போன். அதில் ஸ்டாப் வாட்ச் இருக்கிறதே, அதுதான் கருவி.

காரின் முன் சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் கைக்குட்டை இறங்கும். நான் அமுக்குவேன். என் கோட்டைத் தொட்டதும் மறுபடி அமுக்குவேன்.

ஏன் கைக்குட்டை, “வந்தாச்சு!” என்று கத்தினால் ஆகாதா என்று டீக்கடை அண்ணாச்சி கேட்டார். ஆகாது அண்ணாச்சி. சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 50 மீட்டர் வருவதற்குள் ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு போய் விடும். 200 மீட்டர் என்றால் அரை வினாடிக்கு மேல் அம்பேல். வெளிச்சத்துக்கு அந்த வில்லங்கம் இல்லை.

கணக்கில் ஒரு சின்ன சிக்கல். நாம் அளப்பது மீட்டர், வினாடி. அபராதச் சீட்டில் இருப்பதோ கிலோ மீட்டர், மணி. அதற்கு ஒரு வாய்ப்பாடு. “5-க்கு 18”. வினாடிக்கு 5 மீட்டர் ஓடினால் மணிக்கு 18 கிலோ மீட்டர். 10 மீட்டர் என்றால் 36. 20 மீட்டர் என்றால் 72.

50 மீட்டர் அளந்து வைத்திருந்தால் இன்னும் சுலபம். 180-ஐ வினாடியால் வகுத்து விடுங்கள். விடை மணிக்கு இத்தனை கிலோ மீட்டர் என்று நேராக வந்து விடும். 4 வினாடி என்றால் 45. 3 வினாடி என்றால் 60. 2 வினாடி என்றால் 90!

ஒரு வெள்ளைக் கார் வந்தது. அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திப் பார்த்தார்.

“தம்பி, இது 100.”

என் செல்போன் 3 வினாடி காட்டியது. 60. போட்டோகிராபர் சும்மா இருக்கவில்லை. தன் செல்போனிலும் தனியாக நேரம் பார்த்திருக்கிறார். அதில் இரண்டரை வினாடி. 180-ஐ இரண்டரையால் வகுத்தால் 72.

ஒரே கார். ஒரே தூரம். நான் அளந்தால் 60. அவர் அளந்தால் 72.

இது விளையாட்டு இல்லை. சென்னை நகரத்துக்குள் கார்களுக்கு மணிக்கு 60, மோட்டார் சைக்கிளுக்கு 50, ஆட்டோவுக்கு 40, வீடுகள் உள்ள தெருக்களில் 30 என்று போக்குவரத்து போலீசார் 2023 நவம்பரில் வரம்பு கட்டினார்கள். என் கடிகாரப்படி அந்தக் கார்க்காரர் யோக்கியர். அவர் கடிகாரப்படி குற்றவாளி. நடுவில் இருப்பது அரை வினாடி. விரல் தடுமாறுகிற நேரம்.

தப்பு தூரத்தில் இல்லை. டேப் பொய் சொல்லாது. நேரத்தில்தான் தப்பு. அதைக் குறைக்க ஒரே வழி, தூரத்தைக் கூட்டுவது. அடுத்து 200 மீட்டர் அளந்தோம். 60-ல் வருகிற கார் அதைக் கடக்க 12 வினாடி. அதில் அரை வினாடி பிசகி பதினொன்றரை என்று எழுதினாலும் 62 அல்லது 63-தான் வரும். 72-க்கு எகிறாது. அதே பிசகுதான். ஆனால் வலு போய் விட்டது.

புதருக்குள் போலீஸ்!

இந்த வழக்குகளுக்கு மூல ஊர் இங்கிலாந்து. 1896 ஜனவரியில் கெண்ட் மாவட்டம், பேடக் வுட் என்ற ஊரில் வால்ட்டர் அர்னால்டு என்பவர் காரில் “பறந்தார்”. மணிக்கு 8 மைல். நமது கணக்கில் சுமார் 13 கிலோ மீட்டர். ஊருக்குள் அப்போது வரம்பு 2 மைல்! போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக ஒரு ஷில்லிங் அபராதம். கோர்ட்டு செலவு தனி. அந்த நாட்டில் வேகமாக கார் ஓட்டித் தண்டனை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

1904-ல் வரம்பு 20 மைல் ஆனது. அதன் பிறகு போலீசார் சைக்கிளை விட்டு விட்டு நாங்கள் செய்த வேலையைத்தான் செய்தார்கள். ரோட்டில் தூரம் அளந்து வைத்து, வேலிப் புதருக்குள் ஸ்டாப் வாட்ச்சுடன் ஒளிந்து கொள்வார்கள். கார்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1905-ல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்று ஒரு சங்கமே ஆரம்பித்து, புதருக்குள் போலீஸ் இருந்தால் முன்கூட்டியே சொல்ல சைக்கிளில் ஆள் போட்டார்கள்.

1910-ல் ஒரு வழக்கு. அப்படி எச்சரிக்கை செய்வது போலீசார் கடமையைத் தடுப்பது என்று கோர்ட்டு சொல்லி விட்டது. சங்கத்துக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சங்கத்து பேட்ஜ் மாட்டிய காரைப் பார்த்தால் ஆள் சலாம் போடுவான். என்றைக்குச் சலாம் போடவில்லையோ, அன்றைக்கு முன்னால் போலீஸ் இருக்கிறது என்று அர்த்தம். சலாம் போடாததற்கு யார் வழக்குப் போட முடியும்?

நம் ஊரில் எதிரே வருகிற லாரிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு முறை வெட்டுகிறாரே, அது இந்தச் சலாமின் பேரன்.

இப்போது புதர் தேவை இல்லை. போலீசார் கையில் லேசர் துப்பாக்கி இருக்கிறது. மந்திரம் மாதிரி தெரிகிறது. உள்ளே ஓடுவது அதே கணக்குதான். ஒளித் துடிப்பு காரில் பட்டுத் திரும்ப எத்தனை நேரம் ஆனது என்பதில் இருந்து கார் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று அது கணக்கிடுகிறது. ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்துக்குள் பல தடவை இப்படி அளந்து, தூரம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, நேரத்தால் வகுக்கிறது. டேப்பும் கைக்குட்டையும் ஒரே டப்பாவுக்குள்!

ரேடார் வேறு ரகம். அது தூரம் பார்ப்பது இல்லை. திரும்பி வருகிற அலையின் துடிப்பு மாறுவதை வைத்து வேகம் சொல்கிறது.

கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டு, தாண்டியதும் மிதிக்கிற ஆசாமிகளுக்கு வேறு மருந்து இருக்கிறது. இரண்டு இடத்தில் கேமரா. இரண்டும் நம்பர் பிளேட்டைப் படிக்கும். நடுவில் உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி. 2024-ல் மும்பை - புனே எக்ஸ்பிரஸ் ரோட்டில் சராசரி வேகத்தையும் பார்க்கிற கேமராக்கள் வேலைக்கு வந்தன. உதாரணமாக 20 கிலோ மீட்டர் இடைவெளி, 100 வரம்பு என்று வையுங்கள். 12 நிமிஷத்துக்கு முன்னால் அடுத்த கேமராவை எட்டினால் மாட்டினார். 10 நிமிஷத்தில் வந்தால் சராசரி 120. எங்கேயோ 120-ஐத் தொடாமல் அந்தச் சராசரி வரவே வராது. வாதாட இடமே இல்லை.

நடுவில் இறங்கி டீ குடித்து விட்டு வந்தால்? தப்பித்து விடலாம். ஆனால் அவசரமாகப் போகிறவன் டீ குடிக்க நிற்பானா என்று அண்ணாச்சியே கேட்டார்.

கேமராவில் ஒளிந்திருக்கும் கடிகாரம்

அபராதம் கிடக்கட்டும். 1,000 ரூபாயோடு போகிறது. உயிர் போன வழக்கில் என்ன செய்வது? அங்கே யாரும் முன்கூட்டியே கோடு போட்டு வைத்து நிற்கவில்லையே!

நிற்கவில்லைதான். ஆனால் ரோட்டோரத்தில் பாத்திரக் கடை இருக்கிறது. அடகுக் கடை இருக்கிறது. அவற்றின் வாசலில் கண்காணிப்பு கேமரா இருக்கிறது. அதற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது.

வீடியோ என்பது ஓடுகிற படம் இல்லை. நின்ற படங்கள் வரிசையாகத் தாவுவதுதான். வினாடிக்கு 25 படம் எடுக்கிற கேமரா என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வினாடியில் 25-ல் ஒரு பங்கு.

இனி கணக்கு. காரின் முன் சக்கரம் சாக்கடை மூடியைத் தொடுகிற படத்தைப் பிடியுங்கள். அதே சக்கரம் அடுத்த விளக்குக் கம்பத்துக்கு நேராக உள்ள கோட்டைத் தொடுகிற படத்தைப் பிடியுங்கள். நடுவில் 30 தாவல் என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 25-ஆல் வகுத்தால் 1.2 வினாடி. பிறகு ரோட்டுக்குப் போய் சாக்கடை மூடியில் இருந்து அந்தக் கோடு வரை டேப்பால் அளக்க வேண்டும். 20 மீட்டர் இருந்தால் வேகம் 60. 24 மீட்டர் இருந்தால் 72. அபிப்பிராயம் இல்லை, புயல் இல்லை. எண்!

இதில் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. படங்களை எண்ணக் கூடாது. தாவலை எண்ண வேண்டும். 31 படம் இருந்தால் தாவல் 30. கையை விரித்துப் பாருங்கள். விரல் 5, சந்து 4. கம்பங்களை எண்ணி தூரம் சொல்கிறவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இன்னொரு வில்லங்கம். எல்லாக் கேமராவும் 25 படம் எடுப்பது இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்க 10, 15 என்று குறைத்து வைத்திருப்பார்கள். 10 படம் எடுக்கிற கேமராவை 25 என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 24-ல் வந்த கார் 60-ல் வந்ததாகி விடும்! அந்தப் பெட்டியைத் திறந்து சரிபார்க்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பெட்டியில் காட்டும் மணி 10 நிமிஷம் பிந்தி இருந்தாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது நடுவில் போன நேரம் மட்டும்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லங்கம் பதிவு அழிந்து போவது. டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேல் புதியது ஏறி விடும். சில கடைகளில் 15 நாள். சில கடைகளில் அதுகூட இல்லை. 16-ம் நாள் காரியம் முடிந்து, வீட்டார் விசாரிக்க வருகிறபோது அந்த வீடியோவில் வேறு ஏதோ நாளின் ஆட்டோக்கள் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி வெறுங்கையோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துப் பதிவை எடுக்கச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் அது நிற்க, சாட்சிய அதிநியமம் 63-வது பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும். பழைய சட்டத்தில் இது 65-பி.

2024 ஜூலை 1-ந் தேதிக்குப் பிறகு நடந்த விபத்து என்றால், அஜாக்கிரதையால் உயிர்ப்பலி ஏற்படுத்தியவருக்கு 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். முன்பு 2 ஆண்டு. தண்டனை கூடி இருக்கிறது. ஆதாரமும் கூட வேண்டுமா, வேண்டாமா?

கேமராவே இல்லாத இடத்தில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு பேசும். காய்ந்த தார் ரோட்டில் சக்கரம் இறுகி இழுத்த கோட்டின் நீளத்தை 180-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் தோராயமான வேகம். (மறுபடியும் 180! இது தற்செயல்தான். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 20 மீட்டர் கோடு என்றால் 3,600. அதன் வர்க்கமூலம் 60. மழை பெய்த ரோட்டில் 180 செல்லாது. 100 பக்கம் இறங்கி விடும். அதே 20 மீட்டர் கோடு 45-ஐத்தான் காட்டும். அதனால்தான் அன்றைக்கு ரோடு ஈரமா, காய்ச்சலா என்று எழுதி வைப்பது முக்கியம்.

ஆனால் இந்தக் கோட்டுக்கும் ஆயுசு முடிந்து வருகிறது. 2019 ஏப்ரலில் இருந்து புதுக் கார்களுக்கு சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். கோடு சரியாக விழுவதே இல்லை.

12 கிலோ மீட்டர்தானே!

இத்தனை எதற்கு, 60-க்கும் 72-க்கும் பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். 12 கிலோ மீட்டர்தானே!

ஒரு குழந்தை ரோட்டில் ஓடி வருகிறது. காருக்கு 45 மீட்டர் முன்னால். டிரைவர் பார்த்து, காலைத் தூக்கி, பிரேக்கில் வைக்க ஒன்றரை வினாடி என்று வையுங்கள். 60-ல் வருகிற கார் அதற்குள் 25 மீட்டர் ஓடி விடும். பிரேக் பிடித்த பிறகு 20 மீட்டர். மொத்தம் 45. குழந்தையின் காலடியில் கார் நிற்கும்.

72-ல் வருகிற கார் அந்த ஒன்றரை வினாடியில் 30 மீட்டர் ஓடி விடும். மீதி 15 மீட்டர்தான். பிரேக்கைக் குத்தி மிதித்தாலும், குழந்தை நிற்கிற இடத்துக்கு வரும்போது அதன் வேகம் என்ன தெரியுமா?

மணிக்கு 50 கிலோ மீட்டர்!

நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. 12 கூடினால் 12-ல் மோதும் என்றுதான் மனசு சொல்கிறது. 50-ல் மோதுகிறது.

எங்கள் இரண்டு செல்போன்களுக்கும் நடுவில் இருந்த அதே அரை வினாடி வித்தியாசம்தான் இது.

“இன்னாத்துக்குப்பா கைக்குட்டைய ஆட்டிகினு கீறீங்க?”

திரும்பிப் பார்த்தால் ஒரு பூக்கார அம்மா. இடுப்பில் கூடை. அறுபத்தைந்து வயசு இருக்கும். எதிர்ப் பக்கம் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். அரை மணியாக நாங்கள் செய்கிற கூத்தைப் பார்த்துக் கொண்டிருந்தாராம்.

வண்டி வேகம் பார்க்கிறோம் என்றேன்.

“அத்தப் பாக்குறதுக்கு மிசினு எதுக்கு? நான் டெய்லி பாக்குறேனே” என்று சொல்லி விட்டு ரோட்டில் இறங்கினார்.

சொல்லாமல் நேரம் பார்த்தேன். ரோட்டின் அகலம் 14 மீட்டர். கடந்து முடிக்க 17 வினாடி ஆனது. முழங்கால் வலி போல் இருக்கிறது. நல்ல வேளை, ஞாயிற்றுக்கிழமை. வண்டி வரவில்லை.

60-ல் வருகிற கார் 17 வினாடியில் 283 மீட்டர் ஓடும். அப்படியானால் அவர் காலை எடுத்து வைக்கும்போது கார் 283 மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

டேப்பை எடுத்துக்கொண்டு மேற்கே வளைவு வரைக்கும் அளந்தோம். 30, 60, 90... ஐந்து டேப். 150 மீட்டர். அதற்கு மேல் வளைவு மறைக்கிறது. கார் கண்ணில் பட்டு, வந்து சேர 9 வினாடி. அவருக்கு வேண்டியது 17. ரோடு காலியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் இறங்குவார். நடு ரோட்டைத் தாண்டும்போதே கார் வந்து விடும். வேக வரம்பை மீறாத கார்!

அவர் பத்திரமாகக் கடக்க, அந்த 150 மீட்டரில் கார் 32-க்கு மேல் போகக் கூடாது. அங்கே வெள்ளைக் கோடு இல்லை. சிக்னல் இல்லை. வேகத் தடையும் இல்லை.

எதிர்ப் பக்கம் போய் அவரிடம் கேட்டேன். தினமும் எத்தனை தடவை இந்த ரோட்டைக் கடக்கிறீர்கள் அம்மா?

காலையில் பூ வாங்கப் போக, வர. சாயங்காலம் கோவில் வாசலுக்குப் போக, வர. நாலு தடவை.

பஸ் வந்தது. கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். அண்ணாச்சி கடையில் டீ ஆறிப் போய் இருந்தது.